ரொமான்டிக் காமெடிப் படத்தில் கன்டினியூட்டி பிழையும் தகவல் பிழையும் பிடிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

படத்தில் பிழை பிடிக்கிறேன் என்று புதிதாக உட்காருகிறவர்கள் பெரும்பாலும் ரிமோட்டும் கையுமாக, முதல் சீனிலிருந்தே நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறார்கள். இடைவேளைக்குள் ஒரு பக்கம் நிறைய ‘பிழை’ சேர்ந்துவிடும். உட்கார்ந்து சரிபார்த்தால் பாதிக்கு மேல் நிற்காது. கதைக்குள் எத்தனை நாள் ஓடியிருக்கிறது என்றே தெரியாமல் சட்டை மாறிவிட்டது, முடி வளர்ந்துவிட்டது என்று குறித்திருப்பார்கள்.

அதனால் இங்கே வரிசைதான் முக்கியம். முதலில் கதையின் காலக்கணக்கு, அப்புறம் கண்ணால் பிடிப்பது (அடுத்தடுத்த ஷாட்டுகளில் பொருளோ உடையோ ஒத்துப்போகாத கன்டினியூட்டி பிழை), அதற்கும் அப்புறம்தான் காதால் பிடிப்பது (நிஜத்தோடு ஒத்துப்போகாத தகவல் பிழை).

இந்த வேலையைப் பழக ரொமான்டிக் காமெடியைவிட நல்ல களம் கிடையாது. இரண்டு பேர் மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே பேசுவார்கள். வேறு வேறு ஊரிலிருந்து போனில் பேசுவார்கள். கிறிஸ்துமஸ், புத்தாண்டு, காதலர் தினம் என்று நாள் பார்த்துத்தான் எல்லாம் நடக்கும். தட்டு, கடிகாரம், காலண்டர், வரைபடம் நான்குமே சிக்கக்கூடிய இடங்கள்.

1. தொடங்கும் முன்: சரியான பிரதி

டிவியில் வெட்டி ஒளிபரப்பிய பிரதி வேண்டாம். நடுவே ஒரு நிமிடம் போயிருந்தாலும் ‘அந்தக் கோட்டை எப்போது கழற்றினார்?’ என்று இல்லாத பிழை முளைக்கும்.

திரையின் அளவைப் பாருங்கள். தியேட்டரில் 1.85:1 அகலத்தில் காட்டிய பல ஹாலிவுட் படங்களில், பிலிமில் மேலும் கீழும் கூடுதல் படம் பதிவாகியிருக்கும். தியேட்டரில் அதை மறைத்துவிடுவார்கள். பழைய சதுர டிவிக்காக வந்த சில பிரதிகளில் அந்த மறைப்பை எடுத்துவிட்டதால், தலைக்கு மேல் தொங்கும் பூம் மைக் தெரியும். படம் எடுத்தவர்கள் காட்ட நினைக்காத பகுதி அது. அதைப் பிழைக்கணக்கில் சேர்க்கக் கூடாது.

ஓட்ட வேகமும் மாறும். சினிமாவுக்கு நொடிக்கு 24 பிரேம். பிஏஎல் முறை (இந்தியா, ஐரோப்பாவின் பெரும்பகுதியில் இருந்த டிவி முறை) டிவிடியில் 25. அதாவது 4 சதவீதம் வேகம் கூடி, 100 நிமிடப் படம் 96 நிமிடத்தில் முடிந்துவிடும். நீங்கள் ‘48-வது நிமிடம்’ என்று எழுதியதை இன்னொருவர் தேடினால் அங்கே வேறு சீன் இருக்கும். எனவே எந்தப் பிரதி என்பதை நோட்டின் முதல் வரியிலேயே எழுதிவையுங்கள்.

ஒவ்வொரு பிரேமாக நகர்த்தும் வசதியுள்ள பிளேயர் வேண்டும். விஎல்சியில் ஆங்கில எழுத்து ‘ஈ’-யை அழுத்தினால் ஒரு பிரேம் முன்னே போகும். பின்னே போகாது, அதனால் கொஞ்சம் முன்கூட்டியே நிறுத்திக்கொள்ளுங்கள்.

கடைசியாக, மூல மொழி ஒலியும் வசன வரியும். டப்பிங்கில் மைல் கிலோமீட்டர் ஆகும், வாயசைப்புக்காக எண் மாறும். மொழிபெயர்ப்பாளரின் சறுக்கலை இயக்குநர் தலையில் கட்டிவிடாதீர்கள்.

2. முதல் தடவை சும்மா பாருங்கள்

நோட்டு வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். கதை எங்கே உங்களைத் தூக்கிப்போடுகிறது, யார் யாரிடம் பொய் சொல்கிறார்கள் என்பது தெரிந்தால் போதும். அந்தப் பொய் விஷயம் ஆறாம் படியில் தேவைப்படும்.

3. கதையின் காலண்டரைப் போடுங்கள்

எல்லோரும் தாண்டிப்போகும் படி இது. மற்ற எல்லாப் படிகளும் இதன் மேல்தான் நிற்கின்றன.

ஒரு தாளில் ஐந்து பத்தி இழுங்கள்: சீன் எண், இடம், பகலா இரவா, நாள் பற்றிய குறிப்பு, உடை. படத்தை ஓடவிட்டு ஒவ்வொரு சீனுக்கும் ஒரு வரி. ‘நாள் பற்றிய குறிப்பு’ பத்தியில் படம் தானாகச் சொன்னதை மட்டும் எழுதுங்கள்: திரையில் வரும் எழுத்து, வசனம், சுவரில் காலண்டர், கிறிஸ்துமஸ் மரம். ஊகத்தைப் பென்சிலில் எழுதுங்கள்.

‘வென் ஹாரி மெட் சாலி’ (1989) இதற்கு வசதியான படம். சிகாகோ பல்கலைக்கழகம், 1977 என்று திரையிலேயே வரும். அப்புறம் ‘ஐந்து ஆண்டுகள் கழித்து’ என்று இரண்டு முறை. ஆக 1977, 1982, 1987 என்று மூன்று ஆணி அடித்துவிடலாம். முதல் பகுதியில் வரும் காரோ தெருப் பலகையோ 1977-க்குப் பிந்தையது என்று காட்ட முடிந்தால் அது உண்மையான காலப்பிழை. 1989-ல் வந்த படத்தில் அதே பொருள் 1987 பகுதியில் இருந்தால் அது ஒன்றுமே இல்லை.

படம் ஆண்டைச் சொல்லாதபோது, வெளியான ஆண்டைக் கதையின் ஆண்டாக எடுத்துக்கொள்வார்கள். இது ஆபத்து. ‘ஸ்லீப்லெஸ் இன் சியாட்டில்’ 1993-ல் வந்தது, முடிவது காதலர் தினத்தில். 1993 பிப்ரவரி 14 ஞாயிற்றுக்கிழமை, 1992-ல் அதே நாள் வெள்ளிக்கிழமை. எந்த ஆண்டு என்று படத்திலிருந்தே ஆதாரம் காட்டாமல் ‘அன்றைக்கு ஆபீஸ் இருந்திருக்காதே’ என்று வாதாடினால் நிற்காது.

காலண்டர் போட்டதும் பல ‘பிழைகள்’ தாமாக உதிர்ந்துவிடும். ‘நாட்டிங் ஹில்’ (1999) படத்தில் ஹியூ கிரான்ட் போர்ட்டோபெல்லோ சாலைச் சந்தை வழியே நடப்பார். வெட்டே தெரியாத ஒரே நடையில் மழை, பனி, வெயில் எல்லாம் வந்துபோகும். ஆரம்பத்தில் கர்ப்பமாகக் கடந்துபோகும் பெண் கடைசியில் குழந்தையோடு இருப்பார். அவசரக்காரர் இதை வானிலைப் பிழை என்று எழுதிவிடுவார். மாதங்கள் ஓடுவதை இயக்குநர் காட்டும் வழி அது.

‘கிரவுண்ட்ஹாக் டே’ (1993) மாதிரிப் படத்தில் விதி தலைகீழ். ஒரே நாள் திரும்பத் திரும்ப வருகிறது; காலை ஆறு மணிக்கு அலாரம் அடித்தால் பழைய நாளேதான். இங்கே மாற்றம் தெரிந்தால் உடனே குறிக்காமல், நாயகன் ஏதாவது செய்ததால் அது மாறியதா என்று பாருங்கள். அவன் கை படாமல் ஒரு பொருள் இடம் மாறியிருந்தால் மட்டும் உங்கள் கணக்கில் வரும்.

4. ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள்: கன்டினியூட்டி

ஒலி இருந்தால் கண் பேசுகிறவர் முகத்துக்கே போகும். படம் எடுத்தவர்கள் உங்களை அங்கேதான் பார்க்க வைக்கிறார்கள். அணைத்துவிட்டால் கண் மேஜைக்கு இறங்கும்.

பிழை எப்படி உண்டாகிறது என்று தெரிந்தால் தேடுவது சுலபம். இருவர் பேசும் சீனில் பொதுவாக இருவரும் தெரியும்படி மாஸ்டர் ஷாட் எடுப்பார்கள். அப்புறம் ஒருவர் பக்கம் கேமரா வைத்து அவர் பங்கு முழுவதும். பிறகு விளக்கையெல்லாம் மாற்றி, மறுபக்கம் கேமரா வைத்து மற்றவர் பங்கு. திரையில் ‘ஏன்?’, ‘எதற்கு?’ என்று அடுத்தடுத்து வரும் இரண்டு முகங்களுக்கு நடுவே நிஜத்தில் பல மணி நேரம் ஓடியிருக்கலாம், ஒரு சாப்பாட்டு இடைவேளையே போயிருக்கலாம். இதைக் கவனிக்க ஹாலிவுட்டில் ஸ்கிரிப்ட் சூப்பர்வைசர் என்று தனி ஆள் உண்டு. தமிழ்ப் படங்களில் பெரும்பாலும் ஓர் உதவி இயக்குநர் தலையில் ‘கன்டினியூட்டி’ விழும். அவர் என்னதான் போட்டோ எடுத்து வைத்தாலும், எடிட்டர் நல்ல நடிப்புள்ள டேக்கைத்தான் எடுப்பார். கிளாஸில் தண்ணீர் அளவு ஒத்துப்போகிற டேக் அதற்கு அப்புறம்தான். அதுதான் சரியும் என்பேன்.

‘பிரெட்டி வுமன்’ (1990) காலை உணவு சீன் இதற்குப் பாடப்புத்தகம். ஓட்டல் அறையில் ஜூலியா ராபர்ட்ஸ் கையில் குரோசான் வைத்துக் கடித்துக்கொண்டிருப்பார். பேச்சு நடுவே ஷாட் ரிச்சர்ட் கியருக்குப் போய்த் திரும்பினால் கையில் பேன்கேக். பேச்சு அறுபடவில்லை, அதனால் இடையில் நேரம் ஓடவில்லை. குரோசானைத் தின்று முடித்துப் பேன்கேக்கை எடுக்க அவகாசமும் இல்லை. ஒரு கன்டினியூட்டி பிழைக்கு இவ்வளவு சுத்தமான ஆதாரம் போதும்.

இதிலிருந்தே சோதனை முறையையும் எடுத்துக்கொள்ளலாம். ஏதாவது மாறியதாகத் தெரிந்தால் மூன்று கேள்வி கேளுங்கள்.

முதலாவது, பொருள் இரண்டு பிரேமிலும் தெளிவாகத் தெரிகிறதா? ஒன்றில் பாதி மறைந்திருந்தால் விட்டுவிடுங்கள்.

இரண்டாவது, கேமரா வேறு பக்கம் இருந்தபோது அதை மாற்ற நேரம் இருந்ததா? கூந்தலைக் காதுக்குப் பின்னால் தள்ள ஒரு நொடி போதும். கோட்டைக் கழற்றி மாட்டப் போதாது. நடுவில் ஓடிய வசனத்தை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் நேரம் தெரிந்துவிடும்.

மூன்றாவது, ஒரே கோணத்து ஷாட்டுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டால் என்ன தெரிகிறது? அவள் பக்க ஷாட்டுகள் எல்லாவற்றிலும் கிளாஸ் நிரம்பியும், அவன் பக்க ஷாட்டுகள் எல்லாவற்றிலும் பாதியாகவும் இருந்தால் காரணம் பிடிபட்டுவிட்டது: இரண்டு பக்கமும் வேறு வேறு நேரத்தில் எடுத்தது. காரணம் தெரிந்த பிழையை யாரும் மறுக்க முடியாது.

தேடும்போது ஒரு சீனில் ஒரு பொருளை மட்டும் பின்தொடருங்கள். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் எதுவும் கண்ணில் படாது. நான் போகும் வரிசை: கடிகாரம், தட்டும் கிளாஸும், முடி, காலரும் பொத்தானும், கைப்பை, பின்னால் நடக்கிறவர்கள், நிழல்.

கடிகாரத்தை முதலில் வைத்ததற்குக் காரணம் ‘ரோமன் ஹாலிடே’ (1953). ஸ்பானியப் படிக்கட்டில் ஆட்ரி ஹெப்பர்ன் ஐஸ்கிரீம் சாப்பிட, கிரெகரி பெக் வந்து பேசும் சீனில், பின்னால் மேலே தேவாலயக் கடிகாரம் தெரியும். சில நிமிடப் பேச்சுதான், ஆனால் ஷாட்டுக்கு ஷாட் முள் தாவிக்கொண்டே இருக்கும். நிஜமான ரோம் தெருவில் எடுத்ததன் விலை அது. செட்டில் என்றால் முள்ளை நிறுத்தி வைத்திருப்பார்கள்.

ஒரு பொறி: வகிடு இடமிருந்து வலத்துக்கு மாறி, சட்டைப் பாக்கெட்டும் மறுபக்கம் போயிருந்தால் இரண்டு பிழை என்று எழுதாதீர்கள். எடிட்டிங்கில் ஷாட்டைக் கண்ணாடி பிம்பமாகத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். பின்னால் ஏதாவது எழுத்து இருந்தால் அதுவும் திரும்பியிருக்கும். உடனே உறுதி செய்துகொள்ளலாம்.

5. இப்போது ஒலியோடு: தகவல் பிழை

இந்தத் தடவை எண், ஊர்ப்பெயர், தூரம், நேரம், தொழில் சார்ந்த பேச்சு எது காதில் விழுந்தாலும் எழுதிக்கொள்ளுங்கள். அங்கேயே தீர்ப்பு எழுதாதீர்கள். எல்லாம் முடிந்த பிறகு ஒவ்வொன்றாகச் சரிபார்க்கலாம்.

தூரத்தில் ஆரம்பிப்போம். ‘வென் ஹாரி மெட் சாலி’யில், சிகாகோவிலிருந்து நியூயார்க்குக்கு 18 மணி நேரப் பயணம் என்று சாலி சொல்வாள். மூன்று மூன்று மணி நேரமாக ஆறு ஷிப்ட் பிரித்து ஓட்டலாம் என்று திட்டம் வேறு. இன்றைய மேப்பைத் தட்டினால் 12, 13 மணி நேரம் என்று வரும். உடனே ‘ஆறு மணி நேரம் கூடுதல், தகவல் பிழை’ என்று எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

காலண்டர் இங்கேதான் கைகொடுக்கும். கதை நடப்பது 1977. எண்ணெய் நெருக்கடியை ஒட்டி 1974-ல் அமெரிக்கா முழுவதும் நெடுஞ்சாலை வேகத்துக்கு மணிக்கு 55 மைல் உச்சவரம்பு போட்டிருந்தார்கள். ஏறக்குறைய 790 மைலை அந்த வேகத்தில் நிற்காமல் ஓட்டினாலே 14 மணி நேரத்துக்கு மேல். பெட்ரோல், சாப்பாடு, சண்டை எல்லாம் சேர்த்தால் 18 நியாயமான கணக்கு. சாலி மாதிரி எல்லாவற்றையும் திட்டம் போடுகிறவளுக்கு அது பொருத்தமும்கூட.

அதே பயணத்தில் உண்மையான பிழை வேறு இடத்தில் இருக்கிறது. சிகாகோ பல்கலைக்கழகம் நகரின் தெற்கே ஹைட் பார்க்கில். அங்கிருந்து நியூயார்க் போக மேலும் தெற்கும் கிழக்குமாக இந்தியானா மாநிலத்துக்குள் நுழைய வேண்டும். படத்திலோ கார் ஊரின் வடபகுதியில் ஏரிக்கரைச் சாலையில் ஓடிக்கொண்டிருக்கும். அழகான காட்சி, ஆனால் அந்த வழியாக வரக் காரணமே இல்லை. நேரக்கணக்கைக் குறைசொன்னவர்கள் இதைக் கவனிப்பதில்லை. கேட்டதை மட்டும் சரிபார்த்து, பார்த்ததை விட்டுவிடுகிறார்கள்.

இன்னொரு வகை: நடக்கவே முடியாது என்று சொல்ல முடியாதது. ‘ஸ்லீப்லெஸ் இன் சியாட்டில்’ படத்தில் நாயகன் சாமும் அவன் மகன் ஜோனாவும் லேக் யூனியன் ஏரியில் மிதக்கும் வீட்டிலிருந்து சின்ன மோட்டார் படகில் கிளம்பி ஆல்கி கடற்கரைக்குப் போவார்கள். நாயகி ஆனி காரில் பின்தொடர்வாள். வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். ஏரியிலிருந்து பிரீமான்ட் கால்வாய், சாமன் பே, அப்புறம் பாலார்டு மதகுகள். ஏரி நீர்மட்டம் கடலைவிட ஏறக்குறைய 6 மீட்டர் உயரம். எனவே படகை மதகுக்குள் விட்டு, நீரை இறக்கி, மறுபக்கம் வெளியே விட வேண்டும். அதன் பிறகு பியூஜெட் சவுண்டில் மக்னோலியா முனையைச் சுற்றி, எலியட் விரிகுடாவின் வாயைக் கடந்தால் ஆல்கி. போக முடியும். ஆனால் சின்னப் பையனோடு சின்னப் படகில் சாயங்கால உலாவாகப் போகும் வழி அது இல்லை. கார்க்காரி ஆனி கரையிலிருந்தபடியே அந்தப் படகை விடாமல் பார்த்திருக்கவும் முடியாது. இதை ‘பிழை’ என்று எழுதாமல் ‘புவியியல் சுதந்திரம்’ என்று எழுதி, வழியையும் சேர்த்து எழுதுங்கள்.

‘கிரவுண்ட்ஹாக் டே’ கதை பென்சில்வேனியாவின் பங்ஸடாவ்னியில். எடுத்தது இல்லினாய் மாநிலத்து வுட்ஸ்டாக்கில். வேறு ஊரில் படம் எடுத்தது பிழை ஆகாது, எல்லோரும் செய்வது. ஆனால் கிரவுண்ட்ஹாக் என்ற விலங்கை வைத்து வானிலை கணிக்கும் விழா நடக்கும் காப்ளர்ஸ் நாப் நிஜத்தில் ஊருக்கு வெளியே மரங்கள் சூழ்ந்த மேடு. படத்தில் ஊர் நடுச் சதுக்கம். இதைத் தகவல் முரண் என்று தாராளமாகக் குறிக்கலாம்.

போன் சீன்களுக்கு ஒரு சின்னச் சூத்திரம்: இரண்டு ஊரின் நேர வித்தியாசம், அந்த மாதத்தில் சூரியன் மறையும் நேரம் இரண்டையும் பக்கத்தில் எழுதிவையுங்கள். பால்டிமோரில் இரவு 9 என்றால் சியாட்டிலில் மாலை 6. ‘அங்கேயும் இருட்டு, இங்கேயும் இருட்டு, எப்படி?’ என்று கேட்பார்கள். கிறிஸ்துமஸ் சமயத்தில் சியாட்டிலில் நாலரைக்கெல்லாம் சூரியன் போய்விடும், அவ்வளவுதான். ஜூன் மாதமாக இருந்தால் கேள்வி நியாயம்.

6. சேர்ந்ததைப் பிரியுங்கள்

இப்போது கையில் இருப்பதை ஐந்து குவியலாகப் பிரியுங்கள்: கன்டினியூட்டி பிழை, தகவல் பிழை, காலப்பிழை, படக்குழு அல்லது கருவி தெரிவது, கதைக்காக எடுத்த சுதந்திரம். எதிலும் சேராதது பெரும்பாலும் பிழையாக இருக்காது.

ஆறாவதாக ஒரு குப்பைக்கூடை வையுங்கள்: கதாபாத்திரம் சொன்ன தவறு. ரொமான்டிக் காமெடியில் இது ரொம்பவே நிறையும், ஏனென்றால் இந்த வகைப் படமே பொய்யில் ஓடுவது. ‘ரோமன் ஹாலிடே’ நாயகி இளவரசி என்பதை மறைக்கிறாள், நாயகன் பத்திரிகைக்காரன் என்பதை மறைக்கிறான். இருவரும் தங்களைப் பற்றிச் சொல்லும் எந்தத் தகவல் முரண்பட்டாலும் அது திரைக்கதையின் வேலை. காதலியைக் கவரப் புளுகுகிறவன் ஊர்ப்பெயரைத் தப்பாகச் சொன்னால், அவனுக்குத் தெரியவில்லை என்றுதான் அர்த்தம்.

7. எழுதும் முறை

‘சாப்பாட்டு சீனில் கன்டினியூட்டி மிஸ்’ என்று எழுதினால் படிக்கிறவர் எதைத் தேடுவார்? ஒவ்வொரு பதிவிலும் ஐந்து விஷயம் வேண்டும்: எந்தப் பிரதியில் எத்தனையாவது நிமிடம், அப்போது ஓடும் வசனம், முன் ஷாட்டில் என்ன, பின் ஷாட்டில் என்ன, ஏன் இயல்பான மாற்றமாக இருக்க முடியாது. வசனத்தைச் சேர்ப்பதற்குக் காரணம், நிமிடக் கணக்கு பிரதிக்குப் பிரதி மாறினாலும் வசனம் மாறாது.

பிரதி, நிமிடம், வசனம் மூன்றையும் எழுதிய பிறகு, பிரெட்டி வுமன் பதிவு இப்படி இருக்கலாம்: ‘ஓட்டல் காலை உணவு. நாயகி கையில் குரோசான், கடித்த நிலையில். நாயகன் ஷாட் வந்து திரும்பும்போது பேன்கேக். பேச்சு இடைவிடாமல் தொடர்கிறது.’ நான்கே வாக்கியம். கேலியோ ஆச்சரியக்குறியோ வேண்டாம், பிழையே போதுமான அளவு சிரிப்பு.

8. புதியவர்கள் அடிக்கடி சறுக்கும் இடங்கள்

தங்களுக்குப் பிடிக்காததைப் பிழை என்று எழுதுவது முதலாவது. ‘எட்டு வயதுப் பையன் தனியாக நியூயார்க்குக்கு விமானம் ஏறுவானா?’ என்பது நம்பகத்தன்மை பற்றிய கேள்வி. விமர்சனத்தில் எழுதுங்கள், இங்கே இடமில்லை.

இணையத்தில் இருக்கும் பட்டியலை முதலில் படித்துவிட்டுப் படம் பார்ப்பது இரண்டாவது. அதிலிருப்பது மட்டும்தான் கண்ணில் படும், தப்பான பதிவும் அப்படியே கைமாறும். உங்கள் பட்டியல் முடிந்த பிறகு ஒப்பிடுங்கள்.

வேகமாக வெட்டும் சண்டை, நடனம், கூட்டம் இவற்றில் நேரத்தைக் கொட்டுவது மூன்றாவது. அங்கே எதுவும் ஒத்துப்போகாது, ஒத்துப்போக வேண்டும் என்று யாரும் முயல்வதும் இல்லை. மேஜை சீனுக்குத் திரும்பி வாருங்கள்.

எழுதி முடித்ததும் படம் பார்க்காத ஒருவரிடம் பட்டியலையும் படத்தையும் கொடுத்து, ஒவ்வொரு பதிவையும் உங்கள் உதவி இல்லாமல் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். நீங்கள் விரலை நீட்டிக் காட்டிய பிறகுதான் அவருக்குத் தெரிகிறது என்றால் அந்தப் பதிவைத் திருத்துங்கள். காட்டிய பிறகும் தெரியவில்லை என்றால் அடித்துவிடுங்கள்.